சேற்றில் தெரிந்த உண்மை

நாம் மூச்சில் இழுக்கும் உயிர்வளி எங்கிருந்து வருகிறது? தாவரங்களும் பாசிகளும் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும்போது அது வெளியாகிறது என்று தொடக்கப்பள்ளி மாணவரும் விடை கூறுவர். அப்படியானால், அந்த உயிர்வளி இலைக்குள் எந்தப் பொருளிலிருந்து பிரிந்து வருகிறது? இலை உள்ளிழுக்கும் கரிவளியிலிருந்தா? வேர் உறிஞ்சும் நீரிலிருந்தா? இரண்டிலுமே உயிர்வளி அணுக்கள் இருக்கின்றன. எளிதாகத் தோன்றும் இந்த வினாவுக்கு அறிவியல் உலகில் பெரும்பாலோர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தவறான விடையையே நம்பியிருந்தனர். அதைத் திருத்த வழிகாட்டியவர் பச்சை இலையை ஆராய்ந்தவர் அல்லர். சேற்றில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்தவர். அவர்தாம் கொர்னெலிஸ் பாஸ்டியான் வான் நீல்.

இளமைக் காலம்

வான் நீல் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் நெதர்லாந்து நாட்டின் ஹார்லம் நகரில் பிறந்தார். அவருடைய ஏழாவது வயதில் தந்தை இறந்துவிட்டார். தாயாரும் சிற்றப்பா, மாமன்மார் போன்ற உறவினரும் சிறுவனின் எதிர்காலத்தைப் பற்றி முடிவு செய்யும் பொறுப்பை ஏற்றனர். தந்தையார் வணிகர். ஆகவே, மகனும் வளர்ந்து வணிகத்தை ஏற்று நடத்த வேண்டும் என்பதே குடும்பத்தாரின் விருப்பமாக இருந்தது. பள்ளியில் அவருடைய பாடங்களும் அதற்கேற்பவே அமைந்தன.

பதினைந்து வயதில் அவருடைய வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது. பள்ளி விடுமுறையில் அவர் நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கச் சென்றார். அங்கு வேளாண்மைச் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. எந்த உரம் எந்த மண்ணுக்கு ஏற்றது என்பதை அங்கிருந்தவர்கள் ஊகத்தால் முடிவு செய்யவில்லை. நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சோதித்துப் பார்த்து முடிவு செய்தனர். மனத்தில் எழும் ஐயத்தை ஒரு சோதனையாக அமைத்தால் இயற்கையே அதற்கு விடை தந்துவிடும் என்பது இளைஞர் வான் நீலுக்குப் பெரும் வியப்பாக இருந்தது. வணிகத்தின்மீது அவருக்கு இருந்த சிறிதளவு நாட்டமும் அதன்பின் மறைந்தது. வீட்டார் முதலில் தயங்கினாலும், இறுதியில் அவர் உயர்கல்வி பயில இசைந்தனர். வீட்டிலேயே சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்துக்கொண்டு வேதியியல் சோதனைகளில் அவர் ஈடுபடலானார்.

1916ஆம் ஆண்டு வான் நீல் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயிலச் சேர்ந்தார். அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நெதர்லாந்து போரில் நடுநிலை வகித்தபோதிலும் இளைஞர்களைப் படையில் சேர்த்துப் பயிற்சி அளித்து வந்தது. வகுப்பில் சேர்ந்து சில மாதங்களிலேயே வான் நீலுக்கும் அழைப்பு வந்தது. அவர் படிப்பை விட்டுவிட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் படையில் பணியாற்றினார். போர் முடிந்த பின்னரே அவரால் பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப முடிந்தது.

நல்லாசிரியர் வாய்த்தார்

டெல்ஃப்ட் நகரம் நுண்ணுயிரியலின் தாயகம் எனலாம். நுண்ணுயிர்களை முதன்முதலில் கண்ணாடி வில்லை வழியே கண்ட லீவன்ஹூக் வாழ்ந்த ஊர் அது. மார்ட்டினஸ் பேயரிங்க் என்ற பேரறிஞர் அங்குப் பேராசிரியராக இருந்து புகழ் பரப்பினார். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் ஆல்பர்ட் யான் க்ளூய்வர். வான் நீல் க்ளூய்வரின் உதவியாளராகச் சேர்ந்தார்.

உயிரினங்கள் பலவகைப்பட்டவை, ஆனால், அவற்றின் உடலுக்குள் நிகழும் வேதிச் செயல்கள் அடிப்படையில் ஒன்றே என்பது க்ளூய்வரின் கருத்து. ஒரு பொருளிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து மற்றொரு பொருளைச் சென்றடைவதே எல்லா உயிர்களிலும் காணப்படும் பொதுச்செயல் என்று அவர் கருதினார். ஹைட்ரஜன் அணு மிகச் சிறியது. அதனுள் ஒரு புரோட்டானும் ஓர் எலக்ட்ரானும் மட்டுமே உள்ளன. ஆகவே, ஹைட்ரஜன் கைமாறுகிறது என்றால் எலக்ட்ரானும் கைமாறுகிறது என்றே பொருள். ஒன்று கொடுக்கிறது, மற்றொன்று பெற்றுக்கொள்கிறது. ஆசிரியரிடம் கற்ற இந்தக் கருத்து வான் நீலின் மனத்தில் ஆழப் பதிந்தது.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வு பாலாடைக்கட்டியைப் பற்றியது. சுவிஸ் பாலாடைக்கட்டிக்குத் தனிச் சுவையையும் துளைகளையும் தரும் நுண்ணுயிர்களை அவர் ஆராய்ந்தார். வெண்ணெயின் நறுமணத்துக்கு டைஅசிடைல் என்ற பொருளே காரணம் என்பதையும் க்ளூய்வருடன் இணைந்து கண்டறிந்தார். 1928ஆம் ஆண்டு அவர் முனைவர் பட்டம் பெற்றார்.

எனினும், அவருடைய உள்ளம் நாடியது வேறு நுண்ணுயிர்களை. காற்றுப் புகாத சேற்றில் வாழ்ந்து, ஒளி பட்டால் ஊதா நிறமாகவும் பச்சை நிறமாகவும் பெருகும் கந்தக நுண்ணுயிர்களே அவை.

அறிஞர்களைக் குழப்பிய நுண்ணுயிர்

குளத்தின் அடியிலோ கடலோரச் சதுப்பிலோ கிடக்கும் கருஞ்சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டையின் வாடை வீசும். அதற்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வளி. பல உயிர்களுக்கு நஞ்சாகும் அந்த வளி இருக்கும் இடத்திலேயே ஊதா நிறக் கந்தக நுண்ணுயிர்கள் செழித்து வாழ்கின்றன.

இவற்றைப் பற்றி அறிஞர்களிடையே நீண்ட கால வழக்கு ஒன்று இருந்தது. இவை ஒளியைப் பயன்படுத்தி உணவு தயாரிக்கின்றன. ஆகவே, தாவரங்களைப் போல உயிர்வளியை வெளியிட வேண்டும் என்றார் ஜெர்மானியரான எங்கல்மன். கந்தகப் பொருள்களை மாற்றுவதன்மூலமே இத்தகைய நுண்ணுயிர்கள் ஆற்றல் பெறுகின்றன என்பது ரஷ்ய நாட்டு அறிஞர் வினோகிராட்ஸ்கியின் ஆய்விலிருந்து எழுந்த கருத்து. மோலிஷ் என்ற மற்றோர் அறிஞர் எவ்வளவு தேடியும் அவற்றிடமிருந்து உயிர்வளி வெளிவருவதைக் காண முடியவில்லை. ஒளி தேவைப்படுகிறது, ஆனால் உயிர்வளி வரவில்லை. அப்படியானால், அது ஒளிச்சேர்க்கைதானா?

1928ஆம் ஆண்டின் இறுதியில் வான் நீல் தாயகத்தை விட்டு அமெரிக்கா புறப்பட்டார். கலிபோர்னியா மாநிலத்தின் பசிபிக் குரோவ் என்னும் கடற்கரை ஊரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையம் இருந்தது. பாறைகளில் அலைகள் மோதும் அந்தக் கரையின் அருகில் மீன்களைத் தகரப்புட்டிகளில் அடைக்கும் ஆலைகளும் இருந்தன. பெரிய நகரங்களின் புகழ்பெற்ற ஆய்வுக்கூடங்களிலிருந்து ஒதுங்கியிருந்த அந்த அமைதியான இடம் வான் நீலுக்குப் பிடித்துவிட்டது. பிற்காலத்தில் வேறு இடங்களிலிருந்து அழைப்புகள் வந்தபோதும் அவர் அவ்விடத்தை விட்டு நீங்கவில்லை.

புட்டிக்குள் ஒரு சோதனை

வான் நீலின் சோதனைக்குப் பெரிய கருவிகள் தேவைப்படவில்லை. மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகள், உப்புகள் கலந்த நீர், சிறிதளவு சேறு, ஒளி ஆகியவையே போதுமானவையாக இருந்தன. நீரில் கரிவளியும் ஹைட்ரஜன் சல்பைடும் கிடைக்கும்படி செய்து, காற்றுக்கு இடமில்லாதவாறு புட்டியை விளிம்புவரை நிரப்பி மூடி, ஒளியில் வைப்பார். நாள்கள் செல்லச் செல்ல நீர் ஊதா நிறமாகவோ பச்சை நிறமாகவோ மாறும். பின்னர், கலந்திருக்கும் நுண்ணுயிர்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து, ஒரே வகை மட்டும் வளரும்படி செய்வார். இப்பணிக்கு மிகுந்த பொறுமை வேண்டும். ஒரு முறை தவறினால் பல வார உழைப்பு வீணாகிவிடும்.

முன்னோர் செய்யாத ஒன்றை அவர் செய்தார். புட்டிக்குள் எவ்வளவு ஹைட்ரஜன் சல்பைடு குறைந்தது, எவ்வளவு கரிவளி குறைந்தது, எவ்வளவு கந்தகப் பொருள் புதிதாக உண்டானது என்று வரவு செலவுக் கணக்கைப் போல அளந்து எழுதினார். கணக்கு சரியாகப் பொருந்தியது. பச்சை நிற நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடைக் கந்தகமாக மாற்றின. ஊதா நிற நுண்ணுயிர்கள் அதற்கும் ஒருபடி மேலே சென்று சல்பேட்டாக மாற்றின. இருளில் வைத்தபோது வளர்ச்சி இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு தீர்ந்தாலும் வளர்ச்சி இல்லை. உயிர்வளியோ சிறிதும் வெளிவரவில்லை.

இப்போது அவர் இரண்டு செயல்களை அருகருகே வைத்துப் பார்த்தார். தாவரம் ஒளியின் துணையால் கரிவளியையும் நீரையும் கொண்டு உணவு தயாரிக்கிறது; உயிர்வளியை வெளியிடுகிறது. கந்தக நுண்ணுயிர் ஒளியின் துணையால் கரிவளியையும் ஹைட்ரஜன் சல்பைடையும் கொண்டு உணவு தயாரிக்கிறது, கந்தகத்தை வெளியிடுகிறது. நீர் என்பது ஹைட்ரஜனும் உயிர்வளியும் சேர்ந்த பொருள். ஹைட்ரஜன் சல்பைடு என்பது ஹைட்ரஜனும் கந்தகமும் சேர்ந்த பொருள். தாவரத்தில் நீர் வகிக்கும் இடத்தை நுண்ணுயிரில் ஹைட்ரஜன் சல்பைடு வகிக்கிறது.

கரிவளியில் கந்தகம் இல்லை. ஆகவே, நுண்ணுயிர் வெளியிடும் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து வந்ததே என்பதில் ஐயமில்லை. அப்படியானால், தாவரம் வெளியிடும் உயிர்வளியும் அதேபோல நீரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்! கரிவளி பிளவுபடுகிறது என்று பாடநூல்கள் கூறிவந்தது தவறு. 1931ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் வான் நீல் ஒளிச்சேர்க்கைக்குப் பொதுவான விதி ஒன்றை வகுத்தார். ஒரு பொருள் ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. கரிவளி அதைப் பெற்று உணவாகிறது. அதற்கு ஒளி உதவுகிறது. கொடுக்கும் பொருள் உயிருக்கு உயிர் வேறுபடலாம், செயல் ஒன்றே. க்ளூய்வரிடம் கற்ற பாடம் இங்கே கனிந்தது.

சேற்று நுண்ணுயிரை வைத்துக் காட்டு மரத்தைப் பற்றி முடிவு செய்யலாமா என்று ஐயுறுவோருக்கு இடமிருந்தது. மரத்திலேயே நேரடிச் சான்று தேவைப்பட்டது. 1937ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ராபர்ட் ஹில் என்பவர் இலையிலிருந்து பசுங்கணிகங்களைத் தனியே பிரித்தெடுத்தார். எலக்ட்ரானைப் பெற்றுக்கொள்ளக்கூடிய இரும்பு உப்பைச் சேர்த்து ஒளியில் வைத்தபோது, கரிவளி மாறுதல் அடையாமலேயே உயிர்வளி வெளிவந்தது. 1941ஆம் ஆண்டு பெர்க்லி நகரில் ரூபனும் கேமனும் அவர்தம் குழுவினரும் மற்றொரு சோதனை செய்தனர். வழக்கமான உயிர்வளி அணுவைவிட எடை மிகுந்த உயிர்வளி அணுக்களைக் கொண்ட நீரைப் பாசிக்குக் கொடுத்தனர். பாசி வெளியிட்ட வளியில் எடை மிகுந்த அந்த அணுக்கள் இருந்தன. வான் நீலின் ஊகம் மெய்யானது.

ஆசிரியர் வான் நீல்

புகழ் வளர்ந்தபோதும் வான் நீல் தம்மை முதலில் ஓர் ஆசிரியராகவே எண்ணினார். 1930ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கோடை விடுமுறையில் நுண்ணுயிரியல் வகுப்பு ஒன்றை நடத்தினார். வகுப்பில் ஒரு சிலருக்கே இடம் கிடைக்கும். மாணவர்கள் சேற்றையும் நீரையும் தாங்களே சேகரித்து வருவர். எத்தகைய உணவு கொடுத்தால் எத்தகைய நுண்ணுயிர் வளரும் என்று முதலில் சிந்தித்துச் சொல்ல வேண்டும். பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும். வான் நீல் விடையை எளிதில் கூறிவிட மாட்டார். வினாமேல் வினா தொடுத்து மாணவரே விடையை அடையும்படி செய்வார். ஓர் உண்மை எவ்வாறு கண்டறியப்பட்டது, இடையில் அறிஞர்கள் எங்கெங்கே தவறினர் என்பதையும் மணிக்கணக்கில் விளக்குவார்.

அவ்வகுப்பில் பயின்ற ரோஜர் ஸ்டேனியர் பின்னர் உலகப் புகழ்பெற்ற நுண்ணுயிரியல் அறிஞரானார். ஏற்கெனவே தேர்ந்த அறிஞராக இருந்த ஆர்தர் கோர்ன்பர்க் 1953ஆம் ஆண்டு மாணவராக வந்து அமர்ந்து கற்றார். ஆறு ஆண்டுகளில் அவர் நோபல் பரிசு பெற்றார்.

தவற்றை ஒப்புக்கொண்ட பெருமை

வான் நீலின் கொள்கையில் இரண்டு பகுதிகள் இருந்தன. தாவரங்கள் வெளியிடும் உயிர்வளி நீரிலிருந்து வருகிறது என்பது ஒரு பகுதி. அது நிலைபெற்றது. தாவரமாயினும் நுண்ணுயிராயினும், ஒளி முதலில் நீரைத்தான் பிளக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடின் வேலை அதற்குப் பின்னரே தொடங்குகிறது என்பது மற்றொரு பகுதி. எல்லா உயிர்களையும் ஒரே விதியில் கட்டும் அழகான எண்ணம் அது. பல ஆண்டுகள் அவர் அதைக் கற்பித்தார், பலரும் ஏற்றனர்.

ஆனால், புதிய சான்றுகள் வேறொன்றைக் காட்டின. 1952ஆம் ஆண்டு நெதர்லாந்தைச் சேர்ந்த டைசன்ஸ் ஊதா நிற நுண்ணுயிர்கள்மீது ஒளி படும்போது அவற்றின் நிறமி மிகச் சிறிதளவு நிறம் மாறுவதைக் கருவியால் அளந்து கண்டார். ஒளி அங்கே நீரைப் பிளக்கவில்லை. நிறமியிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பெயர்க்கிறது என்ற தெளிவு அடுத்து வந்த ஆண்டுகளில் உறுதியானது.

அறுபத்தைந்து வயதை நெருங்கிய வான் நீல் என்ன செய்தார்? தம் பெயரைத் தாங்கி நின்ற கருத்துக்காக அவர் வாதாடவில்லை. சான்றுகளை முறையாகச் சீர்தூக்கிப் பார்த்தார். 1962ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், அந்தப் பகுதி இனி ஏற்கத்தக்கதன்று என்று தாமே கைவிட்டார். அதே ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. நுண்ணுயிர்களை வகைப்படுத்த 1941ஆம் ஆண்டு தாமும் ஸ்டேனியரும் வகுத்திருந்த முறை பொருந்தாது என்று இருவரும் சேர்ந்து எழுதினர். அதற்கு மாற்றாக, நுண்ணுயிர்களின் உயிரணு அமைப்பைக் கொண்டு அவற்றைப் பிற உயிர்களிடமிருந்து பிரித்துக் காட்டினர். இன்றும் மாணவர்கள் கற்கும் பாடம் அது.

எலக்ட்ரானின் அஞ்சல் ஓட்டம்

அவர் தொடங்கிய தேடல் இன்று தெளிவான வடிவம் பெற்றுள்ளது. விளையாட்டுப் போட்டியில் நடைபெறும் அஞ்சல் ஓட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கையிலுள்ள கோலை அடுத்தவரிடம் கொடுக்க, அவர் அதை எடுத்துக்கொண்டு ஓடுவார். ஊதா நிற நுண்ணுயிரின் சவ்வில் நடப்பதும் அத்தகைய ஓட்டமே. அங்கே கைமாறும் கோல் எலக்ட்ரான்.

சவ்வில் உள்ள இரட்டை நிறமியின்மீது ஒளி படுகிறது. உடனே அங்கிருந்து ஓர் எலக்ட்ரான் பெயர்ந்து, அடுத்துள்ள நிறமியை அடைகிறது. இதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடியை ஒரு லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அவற்றுள் ஏறத்தாழ மூன்று பங்கே! அங்கிருந்து அது குயினோன் என்ற பொருளைச் சென்றடைகிறது. பின்னர் இரண்டாவது குயினோனுக்கு மாறுகிறது. இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்ற குயினோன் இரண்டு புரோட்டான்களையும் ஏற்றுக்கொண்டு சவ்வுக்குள் நகர்ந்து, சைட்டோகுரோம் எனப்படும் புரதங்களிடம் எலக்ட்ரான்களை ஒப்படைக்கிறது. அவற்றின் வழியாக எலக்ட்ரான் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. இந்தச் சுற்று நடக்கும்போது புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கத்தில் குவிகின்றன. அணையில் தேங்கிய நீர் வெளியேறும்போது மின்சாரம் கிடைப்பதுபோல, குவிந்த புரோட்டான்கள் திரும்பிப் பாயும்போது உயிரணுவுக்குத் தேவையான ஆற்றல் கிடைக்கிறது.

உணவைத் தயாரிப்பதற்கு வேறு எலக்ட்ரான்களும் தேவை. அவற்றையே ஹைட்ரஜன் சல்பைடு கொடுக்கிறது. இந்நுண்ணுயிர்கள் தாவரங்கள் பயன்படுத்தாத, ஆற்றல் குறைந்த அகச்சிவப்பு ஒளியையும் பயன்படுத்திக்கொள்கின்றன. ஆனால், எலக்ட்ரானை இறுகப் பற்றியிருக்கும் நீரிடமிருந்து அதைப் பறிக்கும் வலிமை அவற்றின் நிறமிக்கு இல்லை. அதனால்தான் அவை உயிர்வளியை வெளியிடுவதில்லை.

வான் நீல் 1963ஆம் ஆண்டிற்கான அமெரிக்கத் தேசிய அறிவியல் பதக்கத்தையும் 1970ஆம் ஆண்டு லீவன்ஹூக் பதக்கத்தையும் பெற்றார். 1985ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் கலிபோர்னியாவில் காலமானார். அக்காலத்தில்தான் ஜெர்மனியில் மிக்கேல், டைசன்ஹோஃபர், ஹூபர் ஆகிய மூவரும் ஊதா நிற நுண்ணுயிரில் எலக்ட்ரானை அனுப்பும் புரதத்தின் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டினர். 1988ஆம் ஆண்டு அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிறர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிச் செல்லும் சேற்றில் உலகத்துக்கே உரிய ஓர் உண்மையைக் கண்டவர் வான் நீல். தம் கருத்து சரியென்று உறுதியானபோது அவர் செருக்கு அடையவில்லை; தவறென்று தெரிந்தபோது மறைக்கவுமில்லை. உண்மை யார் பக்கம் இருக்கிறது என்பதைவிட, உண்மை எது என்பதே அவருக்கு முதன்மையாக இருந்தது. சோதனைக் குழாயைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு மாணவரும் அவரிடமிருந்து கற்க வேண்டிய பாடம் இதுவே.